ஜேர்மனியில் தாதியர் தகைமை அங்கீகாரம்: "கணிசமான வேறுபாடுகள்" என்று கடிதம் வந்துள்ளது, அடுத்து என்ன செய்வது?

களுவாஞ்சிகுடித் தாதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அரச தாதியர் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமாவை முடித்து, மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் முதலில் மருத்துவ விடுதியிலும் தற்போது சிறுவர் விடுதியிலும் பணியாற்றி வருகிறேன். ஜேர்மனியில் தாதியாகப் பணிபுரியும் நோக்கத்துடன் டிப்ளோமாச் சான்றிதழ், பாடப் புள்ளி விபரம், தாதியர் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, ஜேர்மன் மொழிபெயர்ப்புடன் அங்குள்ள மாநில அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். முதியோர் பராமரிப்பு, வீட்டுப் பராமரிப்பு, உளநலத் தாதியியல் ஆகியவற்றில் எனது பயிற்சிக்கும் அங்குள்ள பயிற்சிக்கும் இடையே கணிசமான வேறுபாடுகள் உள்ளன என்று இப்போது பல பக்கக் கடிதம் வந்துள்ளது. இது நிராகரிப்பா என்பதே எனது முதற் சந்தேகம். வேறொரு மாநிலத்துக்குப் புதிதாக விண்ணப்பித்தால் முழு அங்கீகாரம் பெற்றுத் தரலாம் என்று முகவர் ஒருவர் மீண்டும் பணம் கேட்கிறார். அமைச்சு உறுதிப்படுத்திய சான்றிதழை அவர்கள் எவ்வாறு குறை கூற முடியும் என்றும் விளங்கவில்லை. மேலும், பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுமையாகவும் டிப்ளோமாவில் முதலெழுத்தாகவும் இருப்பதால், இருவரும் ஒருவர்தானா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். விபரம் அறிந்தவர்கள் உதவுங்கள்.

டோர்ட்முண்ட் தாதி (மறுமொழி):

தங்கச்சி, இது நிராகரிப்பு அல்ல. இக்கடிதத்தை இங்கே டெஃபிசிட்பெஷைட் என்பார்கள். எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு போதவில்லை என்று அலுவலகமே எழுத்தில் தந்துவிட்டதால், இதன் பின்னர் நீங்கள் நிரூபிக்க வேண்டியது அந்தப் பகுதிகளை மட்டுமே. வேலை தருநர்களும் விசாவுக்கான அலுவலர்களும் கேட்கும் பத்திரமும் இதுவே; கவனமாக வைத்திருங்கள்.

அமைச்சின் முத்திரை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்பதை மட்டுமே அந்த உறுதிப்படுத்தல் சொல்கிறது. சான்றிதழுக்குள் என்ன படிப்பு இருக்கிறது என்பதைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. ஜேர்மனியில் தாதியம் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில் என்பதால், உள்ளடக்கத்தை எடைபோடும் பொறுப்பு மாநில அலுவலகத்துக்கு உரியது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தாதியத் தொழிற் சட்டத்தின்படி இங்குள்ள மூன்று வருடப் பயிற்சியில் குறைந்தது 2,100 மணித்தியாலங்கள் கோட்பாட்டுக் கல்வியும் 2,500 மணித்தியாலங்கள் செயன்முறைப் பயிற்சியும் உண்டு. அந்தச் செயன்முறைப் பயிற்சியில் வைத்தியசாலையுடன் முதியோர் இல்லம், வீடு தேடிச் செல்லும் பராமரிப்பு, சிறுவர் பிரிவு, உளநலப் பிரிவு ஆகியனவும் கட்டாயம். நமது பயிற்சி பெரும்பாலும் வைத்தியசாலை விடுதிகளைச் சுற்றியே அமைவதால், உங்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்ட மூன்று பகுதிகளும் எனக்கு வியப்பளிக்கவில்லை.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு விடயம் உண்டு. பயிற்சியில் உள்ள இடைவெளியைத் தொழில் அனுபவத்தால் ஈடுசெய்யலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. ஆனால் "இவர் இங்கு தாதியாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. எந்த விடுதி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வகை நோயாளர்கள், என்னென்ன பணிகள் என்பன தலைமைத் தாதியின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். நாட்பட்ட நோயுடைய முதியவர்களே மருத்துவ விடுதியில் பெரும்பான்மையாக இருந்தார்கள் என்றால், அதை வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். தாதியர் கல்லூரியிலும் புள்ளி விபரத்தோடு நின்றுவிடாமல், பாடவாரியாகவும் விடுதிவாரியாகவும் மணித்தியாலங்களைக் காட்டும் பத்திரத்தைக் கேட்டுப் பெறுங்கள். எனது பார்வையில் பாதிப் பிரச்சினை பயிற்சியில் இல்லை, அதை விபரமாக எழுதித் தராத பத்திரங்களிலேயே இருக்கிறது.

முகவர் சொல்வதை ஏற்காதீர்கள். முன்னர் வேறெங்கும் விண்ணப்பித்தீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள்; மறைத்தால் பின்னர் சிக்கல். மாநிலம் மாறினாலும் சட்டம் ஒன்றுதான்.

மட்டக்களப்பு மொழிபெயர்ப்பாளர் (மறுமொழி):

பெயர் விடயத்தை மட்டும் நான் சொல்கிறேன். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் வருவது நமக்கு இயல்பு. குடும்பப் பெயர் என்ற ஒன்றை எதிர்பார்க்கும் நாட்டு அலுவலகத்துக்கு அது இரண்டு ஆட்களாகத் தெரிகிறது. இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, அதில் கடவுச்சீட்டில் உள்ள பெயரை முதலாவதாகவும், ஏனைய ஆவணங்களில் உள்ள வடிவங்களை எழுத்துக்கு எழுத்து அப்படியேயும் குறிப்பிடுங்கள். அதற்கு முன்னர், ஆங்கில எழுத்துக் கூட்டல் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் கடவுச்சீட்டுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே பெயருக்கு மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று எழுத்துக் கூட்டல் தந்த கோப்புகளையும் கண்டிருக்கிறேன். அவற்றை ஒரு சத்தியக்கடதாசி காப்பாற்றுவது கடினம். ஜேர்மன் மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்பதை அந்த அலுவலகத்திடமே எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் செலவழியுங்கள்.

கல்முனையிலிருந்து லெஸ்டர் (மறுமொழி):

ஒப்பீட்டுக்காக மட்டும் எழுதுகிறேன். பிரித்தானியாவில் தாதியர் சபை உங்கள் மணித்தியாலங்களை இப்படி எண்ணுவதில்லை; கணினிவழித் தேர்வும், ஓஸ்கி எனப்படும் செயன்முறைத் தேர்வும் வைத்து நேரடியாகச் சோதிக்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வின் கல்விசார் பிரிவில் எழுத்துக்கு 6.5, ஏனைய மூன்றுக்கும் 7 வேண்டும். அனுபவக் கடிதங்களை நான் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை வழியாகப் பெற்றேன். அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என இரண்டு சுகாதாரப் பிராந்தியங்கள் இருப்பதால், அம்பாறைப் பக்கத்து வாசகர்கள் சரியான பணிமனையில் கேட்க வேண்டும்.

சம்மாந்துறை மின்னிணைப்பாளர் (துணைக் கேள்வி):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டச் சான்றிதழ், முன்கற்றல் மதிப்பீட்டின் (வேலையில் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை) வழியாகப் பெற்றது, என்னிடம் உள்ளது. ஜேர்மனிக்கு இதே நடைமுறைதானா?

டோர்ட்முண்ட் தாதி (மறுமொழி):

இல்லை, தம்பி. நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் மின்னிணைப்பாளராக வருவதென்றால் அது தாதியம் போல ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில் அல்ல. 2024 மார்ச் முதல், ஜேர்மன் அங்கீகாரம் இல்லாமலேயே அனுபவத்தின் அடிப்படையில் வரும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி கொண்ட தகைமையும், கடந்த ஐந்து வருடங்களுக்குள் குறைந்தது இரண்டு வருட அனுபவமும், குறிப்பிட்ட அளவு சம்பளமும் வேண்டும். முன்கற்றல் மதிப்பீட்டுச் சான்றிதழில் பயிற்சிக்காலம் என்ற ஒன்று இல்லாததால் அந்த இரண்டு வருடத்தில்தான் உங்களுக்குச் சிக்கல் வரும். தொழில்நுட்பக் கல்லூரியில் முழுநேரமாகப் படித்த சான்றிதழ் ஏதும் உண்டென்றால் அதைத் தேடி எடுங்கள்.

களுவாஞ்சிகுடித் தாதி:

அக்காவுக்கும் ஏனையோருக்கும் மிக்க நன்றி. முகவருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். விடுதிவாரி மணித்தியாலப் பத்திரத்துக்குக் கல்லூரியில் கடிதம் கொடுத்திருக்கிறேன். அறிவுத் தேர்வு, குறைகளை நிரப்பும் தழுவல் பயிற்சி என இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்று அவர்களது கடிதத்தில் உள்ளது. எதைத் தெரிவு செய்வது நல்லது?

டோர்ட்முண்ட் தாதி (மறுமொழி):

தெரிவு செய்யும் உரிமை உங்களுடையது. இங்கே உங்களை வேலைக்கு எடுக்கும் வைத்தியசாலையின் நிர்வாகம் தனக்கு வசதியானதைத் திணிக்க இடம் கொடுக்காதீர்கள். அறிவுத் தேர்வில் 45 முதல் 60 நிமிட வாய்மொழிப் பகுதியும், உண்மையான நோயாளர்களைப் பராமரித்துக் காட்டும் செயன்முறைப் பகுதியும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முறை மட்டுமே மீண்டும் தோற்றலாம். தழுவல் பயிற்சி நீளமானது, ஆனால் இறுதியில் ஓர் உரையாடலுடன் முடிகிறது. இரண்டு காலத்திலும் பெரும்பாலும் உதவித் தாதியின் சம்பளமே கிடைக்கும் என்பதால், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் குறுகிய வழியான தேர்வை விரும்புகிறார்கள். உங்களுக்குக் குறை ஒன்றிரண்டு பகுதிகளாகச் சுருங்கினால் நான் தழுவல் பயிற்சியையே சொல்வேன், ஏனென்றால் அதன் காலத்தை அந்தக் குறைகளின் அளவை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். மூன்று பகுதிகளும் அப்படியே நின்றால் தேர்வு.

எந்த வழியென்றாலும் தாதியாகப் பணிபுரியும் முழு அனுமதிக்கு பி2 எனப்படும் மேல் இடைநிலை மட்ட ஜேர்மன் மொழியறிவு வேண்டும். அங்கிருக்கும்போதே இயன்ற அளவு படியுங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு வழிகாட்டும் மத்திய சேவை நிலையம் ஒன்று 2020 முதல் பொன் நகரில் இயங்குகிறது. மின்னஞ்சலில் எழுதினால் கட்டணமின்றி வழிகாட்டுவார்கள், எனவே முகவருக்குப் பணம் கொடுத்துக் கேட்கும் தகவல்களை அங்கே இலவசமாகக் கேளுங்கள். இன்னொன்று, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கால எல்லை, பெரும்பாலும் ஒரு மாதம், எழுதப்பட்டிருக்கும். புதிய அனுபவப் பத்திரங்கள் அதற்குள் வராது போலிருந்தால், அவற்றைப் பின்னர் சமர்ப்பித்து மறுபடி மதிப்பிடக் கோரலாமா என்று அந்த அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். மூலப் பிரதிகளை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். உறுதிப்படுத்திய பிரதிகளே போதும்.