Re: "பாயிண்ட் க்ரீப்" என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேட்டைச் சீட்டு, அதாவது வேட்டை உரிமம், கொடுக்கும் குலுக்கலின் விதிகளைப் பற்றித் தமிழில் எழுதும் நண்பர் ஒருவர் "பாயிண்ட் க்ரீப்" என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். காத்திருப்பவர்கள் சேர்க்கும் புள்ளியில், சீட்டுக்குத் தேவைப்படும் அளவு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போவதுதான் அது. வந்த பரிந்துரைகளையெல்லாம் படித்தேன். சொல்லை முடிவு செய்யும் முன் அந்தக் குலுக்கல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன். அது பிடிபடாமல் சொல் வைத்தால், விதியை மாற்றலாமா என்று அரசு கேட்கும்போது அங்கே மக்கள் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது தமிழில் படிப்பவருக்கு விளங்காது.

அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. அது மாநில மக்களின் பொதுச் சொத்து. அரசு அதற்கு அறங்காவலர் மாதிரி. அதனால் ஒருசில சிறப்புச் சீட்டுகளைத் தவிர மற்றவற்றை ஏலம் விடுவதில்லை. இந்தப் பகுதியில் இந்த ஆண்டு இத்தனை எல்க் மான்களைச் சுடலாம் என்று உயிரியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். நல்ல பகுதி என்றால் கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள். ஆகவே குலுக்கல். கிடைக்காதவருக்குப் பல மாநிலங்களில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியை வைத்து என்ன செய்வது என்பதில்தான் மாநிலங்கள் பிரிகின்றன. கொலராடோவில் எல்க், மான் போன்றவற்றுக்கு அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கே முதலில் சீட்டு. அவர்கள் தீர்ந்த பிறகுதான் அடுத்தவர். சில விலக்குகள் தவிர, இது வரிசைதான். நெவாடாவில் அப்படியில்லை. அங்கே உங்கள் புள்ளியை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டுவார்கள். 10 புள்ளி இருந்தால் 101 எண்கள் உங்கள் பெயரில் விழும். அவற்றில் மிகச் சிறிய எண்தான் உங்களுக்குரியது. சிறிய எண் வைத்திருப்பவருக்கே முதலில் சீட்டு. முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு ஒரே ஓர் எண். ஆனாலும் அந்த ஒன்று எல்லாரையும் முந்திவிடலாம். மெய்ன் மாநிலத்தின் மூஸ் மான் குலுக்கலிலும் காத்திருந்தவருக்குக் கூடுதல் வாய்ப்புதான்: முதல் 5 ஆண்டு ஆண்டுக்கு 1 புள்ளி, அப்புறம் 2, அப்புறம் 3, 16ஆம் ஆண்டிலிருந்து 10.

> இரண்டையும் "ஊக்கப் புள்ளி" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடலாமே, வாசகருக்கு எளிது.

ஐயா, இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வரிசையில் நிற்பவருக்கு "என் முறை வரும்" என்ற உறுதி இருக்கிறது. குலுக்கலில் நிற்பவருக்கு இருப்பது நம்பிக்கை மட்டுமே. விதி மாற்றத்தைப் பற்றிய சண்டை முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் சண்டையே காணாமல் போய்விடும். முதல் வகைக்கு "முன்னுரிமைப் புள்ளி" என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இரண்டாவதற்குச் சிலர் "போனஸ் புள்ளி" என்றே விடலாம் என்றார்கள். போனஸ் என்றால் தீபாவளிக்குக் கைக்கு வரும் பணம்தான் நமக்கு நினைவு வரும். இங்கே கைக்கு எதுவும் வருவதில்லை, வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே "வாய்ப்புப் புள்ளி" என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

சரி, இனி கேட்ட சொல்லுக்கு வருகிறேன்.

வரிசை முறையில் ஒரு பகுதிக்கு ஆண்டுக்கு 10 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். 12 புள்ளியோடு 40 பேர், 11 புள்ளியோடு 60 பேர் காத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு 12 புள்ளிக்காரர்களில் 10 பேருக்குக் கிடைக்கும். மீதி 30 பேர் அடுத்த ஆண்டு 13 புள்ளியோடு வருவார்கள். அவர்கள் எல்லாரும் தீர 4 ஆண்டு ஆகும். பின்னால் நிற்கும் 60 பேரின் முறை ஐந்தாம் ஆண்டு தொடங்கும்போது அவர்கள் கையில் 15 புள்ளி இருக்கும். கடைசிப் பத்துப் பேருக்குப் பத்தாம் ஆண்டில்தான் சீட்டு, அப்போது 20 புள்ளி. 12இல் இருந்த கட்-ஆஃப் 20க்குப் போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் இடையில் புகவும் இல்லை. உண்மையில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் புள்ளி பகுதிவாரியாகச் சேர்வதில்லை. வேறு பகுதியை நினைத்துச் சேர்த்தவரும் திடீரென்று இந்த வரிசையில் வந்து நிற்கலாம். வேட்டைக்கே போகாமல் ஆண்டுதோறும் புள்ளி மட்டும் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. கொலராடோவின் வடமேற்கு மூலையில் 2, 10, 201 ஆகிய பகுதிகளில் துப்பாக்கிப் பருவ எல்க் சீட்டுக்கு 20 புள்ளிக்கு மேல் தேவைப்படும் நிலை இப்படித்தான் வந்தது. இன்று 12 வயதில் விண்ணப்பிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தக் காடு எப்போது திறக்கும்?

> புள்ளி ஊர்வு

பொறியியலில் உலோகம் சுமையில் மெல்ல உருமாறுவதற்கு "ஊர்வு" பழகிய சொல்தான். ஆனால் இது மெல்ல நகர்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. காரணத்தைச் சொல்லவில்லை.

> புள்ளி ஏற்றம்

படிப்பவர் தன் புள்ளி ஏறுகிறது, நல்லதுதானே என்று நினைப்பார். ஏறுவது தேவைப்படும் அளவு.

> கட்-ஆஃப் ஏற்றம்

பொறியியல் கலந்தாய்வு பார்த்த வீடுகளில் இது உடனே புரியும். ஆனால் அந்தக் கட்-ஆஃப் தேர்வின் கடினத்தைப் பொறுத்து ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு இறங்கும். இங்கே முறையின் அமைப்பே அதை மேலே தள்ளுகிறது.

நான் சொல்ல வருவது "புள்ளிவீக்கம்". பணவீக்கத்தில் புழக்கத்தில் உள்ள பணம் கூடுகிறது, பொருள் கூடவில்லை, விலை ஏறுகிறது. இங்கேயும் கையிருப்புப் புள்ளிகள் ஆண்டுதோறும் கூடுகின்றன, மான்கள் கூடவில்லை, ஒரு சீட்டின் "விலை" ஏறுகிறது. காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. வீக்கம் என்பது நோய்ச்சொல்லாக இருக்கிறதே என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். பணவீக்கம் என்று நாளிதழில் படிக்கும்போது யாருக்கும் கால் வீங்கியது நினைவுக்கு வருவதில்லை, இதுவும் பழகிவிடும்.

குலுக்கலுக்கு வந்த மாற்றுச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. "லாட்டரி" வேண்டாம், 2003இல் தடை வந்த பிறகும் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லில் சூதாட்ட வாடை போகவில்லை. "குடவோலை" அழகான சொல். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரை ஒதுக்கும் விதியும் இருக்கிறது, சீட்டுப் பெற்றவர் சில ஆண்டு விண்ணப்பிக்கக் கூடாது என்கிற இன்றைய விதிகளுக்கு அது பக்கத்து உறவு. ஆனால் அது பொறுப்புக்கு ஆள் எடுக்கும் முறை. அதை அதற்கே விட்டுவிடுவோம். ஈழத்து நண்பர் சொன்ன "சீட்டிழுப்பு" எனக்குப் பிடித்திருக்கிறது. "குலுக்கல்" பள்ளிச் சேர்க்கை முதல் வீடு ஒதுக்கீடு வரை ஏற்கெனவே புழங்குவதால் அதையே முன்வைக்கிறேன்.

"ஹார்வெஸ்ட்" என்று அங்குள்ள துறைகள் எழுதுவதால் "அறுவடை" என்று போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் செய்திகளில் "வேட்டை" குற்றச்சொல்லாகிவிட்டது உண்மை. அதற்காக மானைச் சுடுவதை நெல் அறுப்பதுபோல் எழுதினால் வாசகரிடம் ஒன்றை மறைக்கிறோம். சட்டப்படி நடப்பது என்று காட்ட "உரிம வேட்டை" போதும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. "பப்ளிக் காமென்ட்" என்பதை "வாக்கெடுப்பு" என்றும் "கருத்துக்கணிப்பு" என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் தவறு. அங்கே ஆளுநர் நியமித்த ஆணையம் விதியை முடிவு செய்கிறது. அதற்கு முன் மக்கள் எழுத்திலும் நேரிலும் சொல்வதைக் கேட்கிறது. தலைகளை எண்ணுவதில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கு இங்கே நடக்கும் "கருத்துக் கேட்பு" அச்சு அசலாக இதுதான். அங்கே வரும் குரல்கள் எல்லாமே நியாயமானவை. இருபது ஆண்டு கட்டணம் கட்டிக் காத்திருந்தவர் "இப்போது குலுக்கலுக்கு மாற்றினால் என் இருபது ஆண்டு என்ன ஆவது?" என்கிறார். இளையவர் "வரிசையின் முனையை நான் பார்க்கவே மாட்டேன்" என்கிறார். ஓரிகன் 75 விழுக்காட்டை வரிசைக்கும் 25ஐக் குலுக்கலுக்கும் பிரித்தது இந்த இருவரையும் மனத்தில் வைத்துத்தான். ஐடஹோ புள்ளியே வேண்டாம் என்று இருக்கிறது. நியூ மெக்சிகோவும் அப்படியே. ஆனால் அங்கே 84 விழுக்காடு உள்மாநிலத்தவருக்கு, 10 வேட்டை வழிகாட்டியோடு ஒப்பந்தம் செய்தவருக்கு, 6 மற்ற வெளிமாநிலத்தவருக்கு என்ற பங்கீடு தனிச் சண்டை.

எனக்குத் தீராதது ஒன்றுதான். நெவாடா முறையை "வர்க்கப் புள்ளி" என்று எழுதினால் சமூக வர்க்கம் என்று படித்துவிடுவார்கள். "இருபடிப் புள்ளி" சரிப்படுமா? கணித ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்