மறுமொழி: பதவுரையா, கண்ணழிவா? 'கணுவுரை' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன்

குழும உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மூல வரிக்குக் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் 'இன்டர்லீனியர் கிளாஸ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கொட்டாஞ்சேனை அக்கா கேட்டு மூன்று வாரமாகிறது. இதுவரை வந்த மடல்களை நேற்றிரவு முதலிலிருந்து மறுபடி படித்தேன். வரியிடையுரை, அடியுரை, பதவுரை, கண்ணழிவு என நான்கு சொற்கள் களத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் சூம் வழியாக நாங்கள் நடத்தும் பழந்தமிழ் வகுப்பில் இப்போது 14 பேர் படிக்கிறார்கள். வங்கியில் ஓய்வுபெற்றவர், இரவுப் பணி முடித்து வரும் தாதி, மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப்போய்த் தானே ஆர்வம் பிடித்துக்கொண்ட தாய் என்று எல்லோரும் வளர்ந்தவர்கள். (தமிழ்நாட்டில் 'முதியோர் கல்வி' என்பார்கள். முப்பத்தைந்து வயதுக்காரரை முதியோர் என்று அழைக்க மனம் வரவில்லை. நம் நாட்டில் வழங்கும் 'வளர்ந்தோர் கல்வி' எவ்வளவோ மேல்.)

முதல் பாடமாகக் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்தோம். பழைய பதிப்புகளில் உள்ளபடியே திரையில் இட்டேன்: 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அந்தத் தாதி, "கியரோ என்ற சொல்லை அகராதியில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை ஐயா" என்றார். அவர் தேடியது சரி. பிழை எங்கள் பக்கம் இருந்தது. சீர் பிரித்து அச்சிட்டால் ஓசை தெரியும், சொல் உடைந்துபோகும். 'ஆகியர்' என்ற சொல்லின் தலை ஒரு சீரிலும் உடல் அடுத்த சீரிலும் கிடந்தால், நாள் முழுவதும் வேலை செய்து களைத்து வந்தவர் என்ன செய்வார்? தமிழே தெரியாத ஒருவர்போல் தம்மை உணர்வார். பாதியில் நின்றுபோகிறவர்களில் பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

அடுத்த வாரம் அதே வரியை இப்படித் தந்தேன்:

யாய்-உம் | ஞாய்-உம் | யார் | ஆகியர்-ஓ
என் தாய்-உம் | உன் தாய்-உம் | யார் | ஆவர்-வினா

பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. 'யாய்' என்றால் என் தாய், 'ஞாய்' என்றால் உன் தாய், எனது உனது என்ற உரிமை உறவுச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த வரியில் 'எந்தை', 'நுந்தை' வந்தபோது நான் வாயைத் திறக்கவே இல்லை. ஓய்வுபெற்ற வங்கியாளர், "எம் தந்தை, நும் தந்தை" என்று உடைத்துக் காட்டிவிட்டார்.

நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவது வரிக்குத்தான். மூலத்தின் சொல்வரிசையைக் குலைக்காமல், சொல்லையும் உருபையும் அவை பொருந்தும் இடத்தில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பொருளையோ இலக்கணக் குறிப்பையோ வைக்கும் உரை இது. மொழியியலாளர்கள் பின்பற்றும் லைப்சிக் விதிகளும் மேல்வரியில் எத்தனை பிரிப்போ கீழ்வரியிலும் அத்தனை இருக்கவேண்டும் என்றே கேட்கின்றன.

'பதவுரை என்ற நல்ல சொல் இருக்கப் புதிதாக எதற்கு?' என்று கேட்ட பம்பலப்பிட்டி ஐயாவுக்கு என் பணிவான மறுமொழி: பதவுரையோடு வளர்ந்தவன் நான், அதன் அருமை தெரியும். ஆனால் பதவுரை பெரும்பாலும் செய்யுளை உரைநடை ஒழுங்குக்கு மாற்றிக்கொண்டு பொருள் சொல்கிறது. கொண்டுகூட்ட வேண்டியதை உரைகாரரே கொண்டுகூட்டி முடித்துவிடுகிறார். சொல்லுக்குள் இருக்கும் உருபைத் தனியே காட்டுவதும் அதன் வேலையாக இருப்பதில்லை. இரண்டும் வேறு வேறு கருவிகள். ஒரே பெயரிட்டால், பழைய பதவுரையைத் தேடுபவருக்கும் இதைத் தேடுபவருக்கும் தொல்லை.

வரியிடையுரை, அடியுரை இரண்டும் உரை இருக்கும் இடத்தைக் கொண்டு பெயர் பெற்றவை. தாளில் அது பொருந்தும். கைத்தொலைபேசியில் வரிக்கு அடியில் இடமே இல்லை. சொல்லைத் தொட்டால் பொருள் ஒரு சிறு பெட்டியில் எழும்புகிறது. கிரேக்க, இலத்தீன் நூல்களுக்குப் பெர்சியஸ் மின்னூலகம் செய்வதைப் பாருங்கள்: ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதன் அகராதி வடிவம், வேற்றுமை, எண், பால் எல்லாம் தனியே திறக்கின்றன. வரியும் இல்லை, இடையும் இல்லை. நாளை திரை இன்னொரு வடிவம் எடுக்கும், அப்போதும் பெயர் நிற்கவேண்டும். ஆகவே இடத்தை விட்டுச் செயலைப் பிடிப்போம்.

அந்தச் செயலுக்கு நம் உரையாசிரியர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள் என்று நினைவூட்டிய தெஹிவளைத் தம்பிக்கு நன்றி. பழைய இலக்கண உரையான இறையனார் களவியலுரை சூத்திரத்துக்கு உரை காணும் முறையை நான்காகச் சொல்கிறது: கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங் கூறல். இரண்டாவதாக நிற்கும் கண்ணழித்தல்தான் நமக்கு வேண்டியது. 'கண்' என்றால் கணு. கரும்பின் கண், மூங்கிலின் கண் என்கிறோமே, அந்தக் கண். சொற்கள் கூடியிருக்கும் கணுக்களில் பிரித்துப் பொருள் சொல்வது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். இதைவிடப் பொருத்தமான உருவகம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் முதலில் 'கண்ணழிவு' என்றே பாடத்தில் தலைப்பிட்டேன். வகுப்பில் ஓர் அம்மா அண்மையில்தான் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், பெரிய எழுத்தில் வைத்துப் படிக்கிறார். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடியதைத் திரையிலேயே கண்டேன். சொல்லின் பழைய பொருளை விளக்கினேன், கேட்டுக்கொண்டார். என்றாலும் ஒவ்வொரு பாடத்திலும் அவர் அந்தத் தலைப்பைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும். ஒரு கலைச்சொல் விளக்கிய பின்தான் இனிமையாகும் என்றால், விளக்க ஆள் இல்லாத இணையத்தில் அது யாருக்கு உதவும்?

எனவே 'கணுவுரை'. பழைய உருவகம் அப்படியே இருக்கிறது, 'அழிவு' போய்விடுகிறது. கணு எல்லோருக்கும் தெரிந்த சொல். பௌதிக பாடத்தில் நிலையான அலைகளைப் படித்தவர்களும் கணுவை அறிவார்கள், அங்கே இருப்பதால் இங்கே குழப்பம் வராது. கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன: பிரிப்பது கணுப்பிரிப்பு, இலக்கணச் சுருக்கக்குறி கணுக்குறி, தொட்டால் எழும்புவது தொடுகணுவுரை. கடைசிச் சொல்லில் எனக்கே முழு நிறைவு இல்லை. மேலான ஒன்று தோன்றினால் சொல்லுங்கள்.

தமிழல்லாத மொழிக்கும் இது பொருந்துமா என்று அக்கா கேட்டிருந்தார். அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தாரின் மண்டபத்தைக் குறிக்கும் பிராமிச் சாசனத்தில் சோதித்தேன். மொழி பிராகிருதம்.

தமேட | கஹபதிக-ன | பசதே
தமிழ் | இல்லறத்தார்-உடைய | மண்டபம்

பிராமி எழுத்துகள் 2010இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டதால் மூல எழுத்தையும் மேலே ஒரு வரியாக வைக்க முடிந்தது. 'தமேட' என்று நான் வாசித்தவுடன் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், "இது சிங்களத்தில் நம்மைச் சொல்லும் தெமள அல்லவா?" என்றார். அதே சொல்தான். தினமும் பஸ்ஸில் காதில் விழும் சொல்லை ஈராயிரம் ஆண்டுக் கல்லில் கண்டுகொண்ட அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

கலைச்சொல் ஆக்கத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்பவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பிக்க முனைந்ததால் அவருக்குச் சொற்கள் தேவைப்பட்டன. முன்னால் மாணவர் இருந்தார்கள், சொல் பிறந்தது. நமக்கும் 14 பேர் முன்னால் இருக்கிறார்கள்.

அடுத்த பாடம் கொழும்பு நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுக் கல். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்தையும் போற்றுகிறது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருக்கிறது. தமிழ்ப் பகுதிக்கான கணுவுரையை நான் தொடங்கிவிட்டேன். சீனம் அறிந்த எவரையாவது உங்களில் ஒருவர் அறிமுகப்படுத்தினால் பெரிய உதவியாக இருக்கும். தலைப்பில் 'கணுவுரை' என்றே இட எண்ணியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து