பழைய டிவி கேம் பெட்டி புதிய எல்இடி டிவியில் சரியாக வரவில்லை, துப்பாக்கியும் சுடவில்லை – உதவி தேவை

உப்பளக்காற்று (தூத்துக்குடி):

அனைவருக்கும் வணக்கம். 1990களின் இறுதியில் எங்கள் வீட்டில் வாங்கிய டிவி கேம் பெட்டி, அதன் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், ஒரு துப்பாக்கி, ஒரு பை நிறையக் கேசட்டுகள் ஆகியவை இன்றும் என்னிடம் இருக்கின்றன. பெட்டியின் மீது நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களுள் ஒன்று என்பதும், 60 முனைக் கேசட் செருகும் வகை என்பதும் மட்டும் எனக்குத் தெரியும். மே விடுமுறைக்கு வரும் என் அக்கா பிள்ளைகள் கைபேசியில் தனித்தனியே ஆடிப் பழகியவர்கள். ஒரே டிவிக்கு முன்னால் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து கான்ட்ரா ஆடும்போது கிடைக்கிற மகிழ்ச்சியை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

பெட்டியிலிருந்து ஏவி வயரைப் புதிய டிவியில் செருகினால் ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. ஆனால் ஸ்பீக்கரில் பெரிய இரைச்சல் கேட்கிறது. டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் தனியாக இல்லை. 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை ஒன்றே இருப்பதால், கடையில் ஒரு மாற்று வயர் வாங்கிப் பயன்படுத்துகிறேன். ஆண்டெனா துளை வழியாக இணைத்தால் படம் வருகிறது என்றாலும், அகலமான இரண்டு கருமையான பட்டைகள் திரையின் குறுக்கே மெதுவாக மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. கேசட்டுகளில் பாதி வெறும் சாம்பல் நிறத் திரையோடு நின்றுவிடுகின்றன. வாத்து சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியின் விசையை அழுத்தினால் திரை ஒருமுறை மின்னுகிறது, ஆனால் எந்த வாத்தும் விழுவதில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இதே மாரியோவை இணையக் காணொளிகளில் பார்க்கும்போது இசையும் ஓட்டமும் என் பெட்டியில் இருப்பதைவிட வேகமாக இருக்கின்றன. பெட்டி பழையதாகி வேகம் குறைந்துவிட்டதா?

ரிப்பேர்_மதுரை:

தம்பி, அறிகுறிகளைத் தெளிவாக எழுதியிருப்பதால் நேராகவே பதில் சொல்ல முடிகிறது. ஊர்ந்து போகும் அந்த இரண்டு பட்டைகளுக்குக் காரணம் அடாப்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் இருக்கும் டயோடுகள் அதைத் திருத்தும்போது 100 ஹெர்ட்ஸ் அலைவு உண்டாகிறது. அந்த அலைவைச் சமப்படுத்த வேண்டிய கண்டென்சர் வருடக்கணக்கில் கிடந்து உலர்ந்துபோனால் அலைவு அப்படியே படத்தில் ஏறிவிடும். நம் டிவி முறையில் நொடிக்கு 50 படப்புலங்கள் வருவதால் ஒவ்வொன்றிலும் இரண்டு அலைகள் விழுகின்றன. எனவேதான் சரியாக இரண்டு பட்டைகள் தெரிகின்றன. பெட்டியின் படவேகமும் மின்வாரியத்தின் அதிர்வெண்ணும் மயிரிழை வேறுபடுவதால் அவை ஓரிடத்தில் நிற்காமல் நகர்கின்றன. கண்டென்சரை மாற்றலாம், அல்லது 9 வோல்ட்டில் புதிய அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டரின் அடாப்டர் அளவில் பொருந்துகிறது என்பதற்காக அதைச் செருகிவிடாதீர்கள். ரூட்டர் அடாப்டர்களில் பொதுவாக ஊசியின் நடுப்பகுதி பிளஸ். இந்தக் கேம் பெட்டிகள் பலவற்றில் நடுப்பகுதி மைனஸ். பெட்டியின் அடியில் வட்டமும் புள்ளியுமாக அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள். அது அழிந்திருந்தால் பழைய அடாப்டரின் ஊசியை மல்டிமீட்டரில் அளந்து தெரிந்துகொள்ளுங்கள். அப்படி அளக்கும்போது 9 வோல்ட் அடாப்டர் 12க்கு மேல் காட்டினால் அஞ்ச வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர்கள் சுமை இல்லாதபோது அப்படித்தான் காட்டும். அதற்காக 12 வோல்ட் அடாப்டரையே வாங்கிவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டுக்கு மேற்பட்டதையெல்லாம் வெப்பமாகவே கழிக்கிறது. தூத்துக்குடியின் மே மாதத்தில் அதற்கு அந்தக் கூடுதல் சூடு வேண்டாம்.

ஏவி பிரச்சினைக்கு வருவோம். ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல் உண்மையில் நல்ல அறிகுறி. படத்துக்குரிய சிக்னல் டிவிக்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் ஒலிக்கு உரிய முனையில் நுழைகிறது. 3.5 மில்லிமீட்டர் மாற்று வயர்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் நான்கு முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பெட்டியின் மஞ்சள் வயரை மாற்று வயரின் மஞ்சளில் செருகாமல், முதலில் சிவப்பிலும் பிறகு வெள்ளையிலும் செருகிப் பாருங்கள். நிறங்களை நம்பாதீர்கள், இதனால் எதுவும் எரிந்துவிடாது.

பிக்சல்காரன் (கோவை):

வேகத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் பெட்டி கெட்டுப்போகவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள். இந்தியா 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஏற்றுக்கொண்ட பால் (PAL) என்ற முறையில் 50. இந்த ஆட்டங்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்று கணக்கிட்டு நகர்கின்றன. ஆகவே நமக்காகச் செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் மாரியோ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடினான். இசையின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்க, தாளம் மட்டும் தளர்ந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால், பெட்டியைத் திறந்து பலகையில் இருக்கும் வெள்ளி நிறக் கிரிஸ்டலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 26.601 என்று தொடங்கினால் பால், 21.477 என்றால் என்டிஎஸ்சி. நம் தலைமுறை மனப்பாடமாக வைத்திருக்கும் அந்த வேகமும் இந்த ஆட்டங்களின் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் குறை என்று கருதித் திருத்த வேண்டியதில்லை.

படம் தெளிவாக வேண்டுமென்றால் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வாங்கலாம். துப்பாக்கியும் அதனால் சரியாகக்கூடும். டிவியில் கேம் மோட் இருந்தால் அதையும் இயக்குங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையேயான தாமதம் குறையும்.

பழையகேசட் (நாகர்கோவில்):

பிக்சல்காரன் வேகத்தைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் மாற்றுப் பெட்டியால் துப்பாக்கி சரியாகும் என்பதை நான் ஏற்கவில்லை. நிலைமை மேலும் மோசமாகத்தான் ஆகும். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அதைக் குப்பையில் போடுகிறார்கள்.

அந்தத் துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை. அதன் குழாய்க்குள் ஒரு வில்லையும் ஒளியை உணரும் ஒரு சிறு பாகமும் மட்டுமே இருக்கின்றன. விசையை அழுத்தியதும் ஆட்டம் திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்கி, அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்றை வரைகிறது. இரண்டு வாத்துகள் இருந்தால் படத்துக்கு ஒன்றாக இரண்டு சதுரங்கள். துப்பாக்கி முதலில் இருளையும், குறித்த அந்தப் படம் வரையப்படும்போது வெளிச்சத்தையும் கண்டால்தான் குறி தப்பவில்லை என்று ஆட்டம் முடிவுசெய்யும். பின்புறம் பருத்த பழைய குழாய் டிவியில் (CRT) சிக்னல் உள்ளே வரும் அதே நொடியில் எலக்ட்ரான் கற்றை அதைத் திரையில் எழுதிவிடுகிறது. எல்இடி டிவியோ ஒரு படத்தை முழுமையாக வாங்கி, அளவு மாற்றி, அதன் பிறகுதான் காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் திரைக்கு வரும் நேரத்தில் ஆட்டம் கணக்கை முடித்துவிட்டிருக்கும். இடையில் எச்டிஎம்ஐ மாற்றியை வைத்தால் இன்னும் ஒரு தாமதம் சேரும். தவிர, அறை விளக்கைக் காட்டி ஏமாற்ற முடியாதபடி, குழாய் டிவியின் கற்றை நொடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை வரையும்போது உண்டாகும் துடிப்பை மட்டுமே ஏற்கும் வடிகட்டி அசல் துப்பாக்கியில் இருந்தது. எல்இடி திரையில் அந்தத் துடிப்பே கிடையாது. ஆகவே கேம் மோட் எவ்வளவு விரைவாக இருந்தாலும் பயனில்லை.

வேண்டியது ஒரு குழாய் டிவி. தமிழ்நாட்டில் அதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல டிவிகள் அனைத்தும் குழாய் டிவிகள்தாம். பல வீடுகளில் அவை பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போனால் உள்ளே இருக்கும் செம்புச் சுருளுக்காக உடைத்துவிடுகிறார்கள். ஈயம் கலந்த அந்தக் கண்ணாடி எங்கோ ஒரு குளக்கரையில் கொட்டப்படுகிறது. சொந்தக்காரர்களிடம் இப்போதே கேட்டுவையுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சாம்பல் திரையைப் பொறுத்தவரை, உங்கள் ஊர் உப்புக் காற்றில் கேசட்டின் செம்பு முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு முனைகளின் நீளவாக்கில் துடையுங்கள். கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் அது இருக்கும். நாம் எல்லோரும் சிறுவயதில் செய்ததுபோல் வாயால் ஊத வேண்டாம். மூச்சின் ஈரம் களிம்பை வளர்க்கும். மின்னும் சிவப்பு விளக்கு, பூட்டுச் சில்லு என்று ஆங்கிலக் காணொளிகளில் சொல்லப்படுபவை அமெரிக்காவில் விற்ற 72 முனைப் பெட்டிக்கு உரியவை; உங்கள் பெட்டிக்குப் பொருந்தாது.

ரிப்பேர்_மதுரை:

பழையகேசட் அம்மா சொன்னது முற்றிலும் சரி. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பரணிலிருந்து இறக்கிய குழாய் டிவியைத் தூசி தட்டுவதற்காகக்கூட நீங்களே திறக்காதீர்கள். குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி மூடியிருக்கும் முனையில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தேங்கி நிற்கும். வெளியே துடைத்துவிட்டு, ஒருநாள் காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்து, பிறகு இயக்குங்கள்.

உப்பளக்காற்று (தூத்துக்குடி):

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடுப்பகுதி மைனஸ் என்று அளந்து உறுதிசெய்துகொண்டு 9 வோல்ட் அடாப்டர் வாங்கி இணைத்தேன்; பட்டைகள் முற்றிலும் மறைந்துவிட்டன. மஞ்சள் வயரை மாற்று வயரின் சிவப்பில் செருகியதும் எல்இடி டிவியில் வண்ணத்தோடு படம் வந்தது. முனைகளில் அம்மா சொன்னபடியே பச்சைக் களிம்பு இருந்தது. துடைத்த பிறகு, ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கேசட்டுகளும் ஓடுகின்றன. கிரிஸ்டலில் 26.601 என்று இருக்கிறது.

சித்தி வீட்டிலிருந்து அரசு கொடுத்த டிவியை வாங்கி வந்தேன். பின்னால் ஏவி துளைகள் இருக்கின்றன. துப்பாக்கி வேலை செய்கிறது, வாத்துகள் விழுகின்றன. ஆனால் திரையின் வலது ஓரத்தில் ஊதா நிறக் கறை ஒன்று தெரிகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஹோம் தியேட்டரின் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது. இது குழாய் கெட்டுப்போனதன் அடையாளமா?

ரிப்பேர்_மதுரை:

இல்லை தம்பி, ஸ்பீக்கரின் காந்தம்தான் காரணம். திரைக்குப் பின்னால் இருக்கும் துளைத்தகடு காந்தமேறியதால் கற்றை வேறு நிறப் புள்ளியில் விழுகிறது. ஸ்பீக்கரைச் சில அடிகள் தள்ளி வையுங்கள். டிவியை ரிமோட்டில் அணைப்பது போதாது. மெயின் சுவிட்சையே அணைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் குழாயைச் சுற்றியுள்ள சுருள் ஒரு கணம் இயங்கிக் காந்தத்தை நீக்கும். அதைக் கட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் ஆறினால்தான் அடுத்த முறை முழு வலுவோடு இயங்கும் என்பதால் இந்த இடைவெளி தேவை. சில முறை இப்படிச் செய்தும் கறை போகவில்லை என்றால் அந்தத் தெர்மிஸ்டர் போயிருக்கும். விலை குறைவான பாகம்தான், உங்கள் ஊர் டிவி மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.