புதுப்பிப்பு: கொடுமணல் கட்டுரை நகர்ந்துவிட்டது

துறைத்தலைவர் பொறுப்பும் தர மதிப்பீட்டுக் கோப்புகளும் சேர்ந்து கொடுமணல் (ஈரோடு மாவட்டத்துத் தொல்லியல் தளம்) பற்றிய கட்டுரையை எழுதவே விடவில்லை என்று ஆடியில் இங்கே புலம்பியிருந்தேன். காலையில் எழுதச் சொன்னீர்கள். செய்தேன். ஐந்தரை முதல் ஏழு வரை கட்டுரை மட்டும். போன் அடுத்த அறையில். நொய்யல் கரையில் கிடைத்த, தமிழி (பழந்தமிழ் வரிவடிவம்) எழுத்துள்ள பானை ஓடுகள் பற்றிய பகுதி, ஒரு வருடமாக ஒரே வரியில் நின்றது, முடிந்துவிட்டது! பதிற்றுப்பத்தில் இந்த ஊர் 'கொடுமணம்' என்று வருவது பற்றிய அடிக்குறிப்பை எழுதும்போது கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், தன்மதிப்பீட்டு அறிக்கையின் 7 பகுதிகளில் மூன்றைச் சக ஆசிரியர்களிடம் கொடுத்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க மேடம்" என்றார் ஒருவர். சான்று ஆவணங்கள் இன்னும் மேசை நிறைய இருக்கின்றன, அவை மதியத்துக்கு. கட்டுரையில் கல்மணி செய்யும் தொழில் பற்றிய பகுதிதான் பாக்கி. தைக்குள் அனுப்பிவிடுவேன்.