சாலை முழுக்க ஒரே மரம்: யார் தொடங்கிய பழக்கம்?

நிழல்தேடி:
பழைய நகரப் படங்களில் சாலையின் இருபுறமும் ஒரே இன மரம், ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்கிறது. நாலைந்து வகையைக் கலந்து நட்டிருக்கக் கூடாதா? நிழலுக்குத்தானே நட்டார்கள்?

அடிமரம்:
ஐரோப்பிய நகரங்களில் முதலில் வந்தது பகட்டு, நிழல் உபரி. 1616-இல் பாரிஸில் ராணி மரி தெ மெதிசி போட்ட எல்ம் மரச் சாலை, பெரிய மனிதர்கள் கோச்சு வண்டியில் உலா வருவதற்காக. பெர்லினின் புகழ்பெற்ற லிண்டன் மரச்சாலை 1647-இல் அரண்மனையிலிருந்து வேட்டைக்காட்டுக்குப் போகும் வழியாகத்தான் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் ஓஸ்மான் என்ற அரசு அதிகாரி பாரிஸை இடித்துக் கட்டியபோது, கட்டட முகப்புகளெல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்றார்கள். மரத்துக்கும் அதே சட்டம். வளர்ந்த மரத்தையே வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, அதற்கென்று செய்த வண்டியில் ஏற்றிவந்து நட்டார்கள். பொறுமை இல்லாத அரசு!

அமெரிக்க நகரங்கள் எல்மை விரும்பியதில் நியாயம் உண்டு. இறுகிய மண்ணைத் தாங்கும். கிளைகள் உயரே போய் விரிவதால் வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் 1930 வாக்கில், ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் கட்டைகளோடு ஒரு பூஞ்சையும் வந்து சேர்ந்தது. பட்டை வண்டுகள் அதை மரத்துக்கு மரம் சுமந்தன. அதைவிட மோசம், நெருக்கமாக நட்ட எல்ம்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளரும். வண்டு வராவிட்டாலும் நோய் அந்த வழியே அடுத்த மரத்துக்குப் போய்விடும். நோய் கண்ட கிளையின் பட்டையை உரித்தால் கட்டையில் பழுப்புக் கோடுகள் தெரியும். பூஞ்சையைத் தடுக்க மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் ஏறாமலேயே சாகிறது.

வழிப்போக்கன்:
நிழல் உபரி என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர வழிகளில் ஆலமரங்கள் நட்டதாக அசோகர் தன் தூண் கல்வெட்டில் சொல்லியிருக்கிறார். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு!

அடிமரம்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஊர்விட்டு ஊர் போகும் பெருவழி. நான் சொன்னது நகரத் தெரு.

நிழல்தேடி:
எல்ம் போன பிறகாவது திருந்தினார்களா ஐயா?

அடிமரம்:
எங்கே? காலியான இடங்களில் பல ஊர்கள் ஆஷ் மரத்தை வரிசையாக நட்டன. 2002-இல் டெட்ராய்ட் பக்கம் ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கடியில் நெளிநெளியாகச் சுரங்கம் தோண்டி, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றன. இத்தனைக்கும் 1990-லேயே சான்டமூர் என்ற மரவியலாளர் கணக்குக் கொடுத்திருந்தார்: ஒரு நகரத்தில் ஒரே இனம் 10 சதவீதம், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20, ஒரே குடும்பம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வழிப்போக்கன்:
அப்படியானால் தெருவுக்கு ஒரு இனம் என்று பிரித்து நட்டால் போதுமே? அழகும் கெடாது.

அடிமரம்:
வேர்வழி நோய் ஊர் முழுக்கப் பரவாது; ஆனால் அந்தத் தெரு மொட்டையாகும். இன்னொன்று: அந்த 10 சதவீதமும் ஒரே தாய்மரத்தின் ஒட்டுக்கன்றுகளாக இருந்தால் பலவீனமும் ஒன்றேதான். நாற்றங்காலில் வாங்கும்போது விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா என்று கேளுங்கள்.