கோழி ஷெட் கண்ட்ரோலரில் டிஎன்எஸ்: சி ப்ரோக்ராமுக்குள்ளேயே ரிசால்வர் வைக்கலாமா?

பல்லடத்தான்:

பல்லடம் பக்கம் பிராய்லர் ஷெட்களுக்கு வெப்பக் கண்ட்ரோலர் செய்து கொடுக்கிறோம். சின்ன லினக்ஸ் போர்டு, அதில் ஒரு சி ப்ரோக்ராம், ஒரு சிம். சென்சாரைப் படிக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். போன சித்திரையில் ஒரு மதியம், சூடு ஏறிய பிறகும் ஃபேன் ஓட இருபது நொடி ஆனது. பண்ணைக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். மூடிய ஷெட், உள்ளே ஆயிரக்கணக்கில் கோழி. அந்த இருபது நொடியில் எதுவும் சாகவில்லை. ஆனால் "ஏன் நின்னுச்சு?" என்று அவர் கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

லாக்கைப் பார்த்தால், சர்வரின் பெயரைக் கொடுத்து டிஎன்எஸ் வழியாக அதன் முகவரியைக் கேட்கும் கெட்அட்ரின்ஃபோ அழைப்புக்குள் ப்ரோக்ராம் நின்றிருக்கிறது. அப்படிக் கேட்டு விடை வாங்கித் தருவதுதான் ரிசால்வர். டவர் சிக்னல் இருக்கிறது, பாக்கெட் மட்டும் போய்ச் சேரவில்லை. யாரிடம் பெயர் கேட்பது என்று எழுதியிருக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் இரண்டு நேம்சர்வர். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி தானாக வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 5 நொடி, 2 சுற்று. மொத்தம் 20.

அதனால் ப்ரோக்ராமுக்குள்ளேயே ரிசால்வரை வைக்கும் லிப்அன்பவுண்ட் லைப்ரரிக்கு மாறிவிட்டேன். யுபி_சிடிஎக்ஸ்_கிரியேட், அப்புறம் ரிசால்வ்.கான்ஃபைப் படிக்கச் சொல்வது, ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் படிக்கச் சொல்வது, டிஎன்எஸ் கையொப்பங்களுக்கு அடிப்படையான ரூட் சாவியைச் சேர்ப்பது. கேள்வியை, காத்து நிற்காமல் கேட்கும் யுபி_ரிசால்வ்_ஏசிங்க்கில் போடுகிறேன். யுபி_எஃப்டி தரும் எண்ணை பல வேலைகளை ஒரே சுற்றில் கவனிக்கும் என் போல் (poll) லூப்பில் சேர்த்துக்கொண்டு, பதில் வந்தால் யுபி_ப்ராசஸ், நேரம் கடந்தால் யுபி_கேன்சல். மேலே டிஎன்எஸ்செக், அதாவது பதில் உண்மையானதா என்று கையொப்பத்தை வைத்துப் பார்க்கும் சரிபார்ப்பும் கிடைக்கிறது. ஆளில்லாத இடத்தில் ஓடும் ப்ரோக்ராம் தன் ரிசால்வரைத் தானே சுமக்க வேண்டும் என்பது என் கட்சி.

நொய்யல்கரை:

தம்பி, ஃபேனையும் நெட்வொர்க்கையும் ஒரே லூப்பில் வைத்ததுதான் இங்கே தப்பு. ரிசால்வரை மாற்றினால் அந்தத் தப்பு போகாது. நாளைக்கு கனெக்ட்டில் நிற்கும், நாளன்றைக்கு டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) ஹேண்ட்ஷேக்கில் நிற்கும். ஃபேன் வேலையைத் தனி த்ரெட்டில், முடிந்தால் தனி ப்ராசஸில் வையுங்கள்.

இன்னொன்று. யுபி_சிடிஎக்ஸ்_ஏசிங்க்குக்கு 1 கொடுத்தால் லிப்அன்பவுண்ட் பின்னால் ஒரு த்ரெட் போடுகிறது, 0 கொடுத்தால் ஃபோர்க் செய்து தனி ப்ராசஸ் போடுகிறது. அப்படியென்றால் கெட்அட்ரின்ஃபோவை ஒரு த்ரெட்டில் தள்ளிவிட்டு விடையைப் பைப்பில் வாங்குவதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? இருபது நொடி அந்த த்ரெட் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

நான் சிஸ்டத்தின் பக்கம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். உள்ளே கணக்கு, குடோன் என்று சொந்தப் பெயர்கள். டிஎன்எஸ் கேள்விகள் வெளியே போகும் 53-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்திருக்கிறோம், உள் சர்வருக்கு மட்டும்தான் அனுமதி. ஒரு புது மெஷின் வந்தது. அதன் ப்ரோக்ராம் நாங்கள் கொடுத்த நேம்சர்வரைச் சட்டை செய்யாமல் டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிலிருந்து தானே கேட்டுக்கொண்டு இறங்கும் வகை. மெஷின் வேலை செய்யவில்லை, பிங் போகிறது, பெயர் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையும் போகிறது, காரணம் தெரியாமல் இரண்டு நாள் போனது. ஒரு பெட்டியில் பெயர் கேட்கும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால் பிழை தேடுகிறவன் பிழைப்பான்.

பல்லடத்தான்:

த்ரெட் விஷயம் சரிங்க அண்ணா, அதை ஒத்துக்கொள்கிறேன். ஃபேனைப் பிரித்தாக வேண்டும், இந்த வாரமே செய்கிறேன்.

ஆனால் உங்கள் கம்பெனியில் நீங்கள் இருக்கிறீர்கள். ஷெட்டில் ரிசால்வ்.கான்ஃபைத் திருத்த யார் இருக்கிறார்கள்? நானே டைம்அவுட் வரியை எழுதி வைத்தாலும் சிம் மறுபடி இணையும்போது மோடம் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைப் புதிதாக எழுதிவிடுகிறது.

டிஎன்எஸ்செக் ஏன் என்றால், இது நடந்தது. ஒரு ஷெட்டில் சிம் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரே முகவரி பதிலாக வந்தது, ரீசார்ஜ் பக்கத்தின் முகவரி. எங்கள் ப்ரோக்ராம் வெப்பக் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் போட்டது. அந்தப் பக்கம் 200, அதாவது சரி, என்று பதில் சொன்னது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி, போர்டில் இருந்த கணக்கை ப்ரோக்ராம் அழித்துவிட்டது. மூன்று நாள் கணக்கு. அந்த பேட்ச்சில் எடை ஏன் குறைந்தது என்று பார்க்க அந்த மூன்று நாள்தான் வேண்டியிருந்தது.

நொய்யல்கரை:

மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து டிஎல்எஸ். சான்றிதழில் பெயர் ஒத்துவரவில்லை என்றால் ஒரு பைட் கூட அனுப்பியிருக்காது. 200 வந்தால் போதும் என்று எழுதியதும் சரியில்லை, உங்கள் சர்வர் தரும் ரசீது எண்ணைப் பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

உங்கள் டொமைனுக்குக் கையொப்பம் போட்டிருக்கிறீர்களா? போடவில்லை என்றால் லிப்அன்பவுண்ட் தரும் ரிசல்ட்டில் செக்யூர் ஃபீல்டு ஒருநாளும் 1 ஆகாது. பிறகு சாவியைச் சேர்த்து என்ன பயன்?

ஃபைலைத் திருத்த ஆள் இல்லை என்பதற்கும் வழி உண்டு. ரெஸ்_ஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் "டைம்அவுட்:1 அட்டெம்ப்ட்ஸ்:1" என்று வைத்து ப்ரோக்ராமைத் தொடங்குங்கள். அந்த ப்ராசஸுக்கு மட்டும் பொருந்தும், மோடம் ஸ்கிரிப்ட் அதைத் தொடாது. இரண்டு சர்வருக்கும் சேர்த்து 2 நொடி. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் சர்ச் வரியில் இருக்கும் டொமைன்களை ஒட்டி ஒட்டித் தேடுவதும் நின்றுவிடும்.

பவானிக்கூடல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஈரோடு பக்கம் தறி ஷெட்களில் இதே மாதிரி போர்டு வைத்தவன் நான், டிஎன்எஸ்செக்கைப் போர்டிலேயே செய்து பார்த்தவன். பல்லடத்தான், உங்கள் போர்டில், கரண்ட் போனாலும் நேரம் காக்கும் ஆர்டிசி பேட்டரி இருக்கிறதா?

கரண்ட் போய் வந்தால் பேட்டரி இல்லாத போர்டு 1970 ஜனவரி 1-இல் எழுந்து நிற்கும். டிஎன்எஸ்செக் கையொப்பம் ஒவ்வொன்றிலும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கிறது. 1970-இல் நிற்கும் போர்டுக்கு எல்லாக் கையொப்பமும் இன்னும் தொடங்காதது, ஆகவே எல்லாம் போகஸ், அதாவது செல்லாதவை. நேரத்தைச் சரிசெய்ய நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் பெயரைக் கேட்டால் அதுவும் போகஸ். நேரம் சரியானால்தான் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால்தான் நேரம் சரியாகும். எங்களுக்கு ஒரு முழு ராத்திரி இப்படியே சுற்றியது. கடைசியில் மணிக்கொருமுறை நேரத்தை ஃபைலில் எழுதி வைத்து, எழுந்ததும் அங்கிருந்து தொடங்கச் செய்தோம். அடுத்த பேட்ச் போர்டில் பேட்டரியே வைத்துவிட்டோம்.

ரூட் சாவியும் ஒரே சாவியாக இருந்துவிடாது. 2018 அக்டோபர் 11-இல் ஒருமுறை மாறியது. அதற்கு அடுத்த சாவி 2025 ஜனவரியில் ரூட்டில் வந்தாகிவிட்டது, 2026 அக்டோபர் 11-இல் அதற்கு மாறுவதாக அறிவித்திருக்கிறார்கள். சாவியைச் சும்மா ஃபைலாகச் சேர்த்தால் அது அப்படியே கிடக்கும். தானாகப் புதுப்பிக்கும் வகையில் சேர்க்க யுபி_சிடிஎக்ஸ்_ஆட்_டிஏ_ஆட்டர் இருக்கிறது. ஆனால் அந்த ஃபைலை ப்ரோக்ராம் எழுத முடிய வேண்டும். உங்கள் ரூட் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி என்றால் என்ன செய்வீர்கள்?

மலுமிச்சம்பட்டி:

லிப்அன்பவுண்டில் நான் பட்டது வேறு. முதல் கேள்வி கேட்டவுடன், யுபி_சிடிஎக்ஸ்_கிரியேட் தரும் கான்டெக்ஸ்ட் பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு நேம்சர்வரை மாற்றச் சொன்னால் யுபி_ஆஃப்டர்ஃபைனல் என்ற பிழைதான் வரும். சிம் மறுபடி இணைந்து நேம்சர்வர் மாறினால் கான்டெக்ஸ்டையே அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், அதில் சேர்த்து வைத்த பதில்களான கேஷும் போய்விடும். ஜிலிப்சி 2.26-லிருந்து ரிசால்வ்.கான்ஃப் மாறினால் தானே திரும்பப் படித்துக்கொள்கிறது.

அது போக, யுபி_ரிசால்வ் 0 என்று திரும்பினால் பெயர் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரிசல்ட்டில் ஹேவ்டேட்டாவையும் (பதில் இருக்கிறதா) போகஸையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு வகைதான், ஐபிவி4-க்கு 1, ஐபிவி6-க்கு 28. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு முறை கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது சி-ஏரஸ் என்ற இன்னொரு டிஎன்எஸ் லைப்ரரி. த்ரெட் இல்லாமலே ஏசிங்க், டைம்அவுட்டை மில்லிநொடியில் சொல்லலாம், நேம்சர்வரை ஓடும்போதே மாற்றலாம், இரண்டு வகை முகவரியையும் ஒரே அழைப்பில் கேட்கலாம். நோட்.ஜேஎஸ் உள்ளே இருப்பதும் இதுதான். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு மட்டும் அதில் இல்லை.

பல்லடத்தான்:

பவானிக்கூடல் அண்ணா சொன்ன நேரச் சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை. போர்டில் பேட்டரி கிடையாது. டொமைனுக்குக் கையொப்பமும் இன்னும் போடவில்லை, நொய்யல்கரை அண்ணா பிடித்தது சரியான இடம்.

இருந்தாலும் ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன். டிஎல்எஸ் இருந்தால் கணக்கு தப்பான இடத்துக்குப் போகாது, சரி. ஆனால் தோற்றது ஏன் என்று அது எப்போதும் சொல்லாது. பெயரில் ஏமாற்று, சர்வர் படுத்துவிட்டது, சிக்னல் இல்லை, மூன்றும் எனக்கு ஒரே மாதிரி தோல்வியாகத் தெரியலாம். லிப்அன்பவுண்டின் ஒய்_போகஸில் காரணம் எழுத்தில் வருகிறது. "ரீசார்ஜ் பாருங்கள்" என்று போர்டின் திரையில் காட்ட எனக்கு அந்தக் காரணம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பண்ணைக்காரர் எனக்குப் போன் செய்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நொய்யல்கரை:

அந்தத் தேவை நியாயம். அதற்கு ப்ரோக்ராமுக்குள் வைக்க வேண்டியதில்லை. அதே போர்டில் அன்பவுண்டைத் தனியாகப் பின்னால் ஓடும் டீமனாக, போர்டுக்குள்ளேயே இருக்கும் 127.0.0.1 முகவரியில் ஓட்டுங்கள். ரிசால்வ்.கான்ஃபில் அது ஒன்றே நேம்சர்வர். சரிபார்ப்பு, கேஷ், சாவி புதுப்பிப்பு எல்லாம் அங்கே நடக்கும், காரணமும் அதன் லாக்கில் இருக்கும். ப்ரோக்ராம் கெட்அட்ரின்ஃபோவோடு நிற்கட்டும்.

பல்லடத்தான்:

போர்டில் 64 எம்பி ராம், அதில் இன்னொரு டீமனா என்று யோசனையாக இருக்கிறது. மோடம் ஸ்கிரிப்ட் ரிசால்வ்.கான்ஃபை மாற்றுவதையும் நிறுத்த வேண்டும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். போர்டின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் 53-ஐ அடைத்து அளக்கிறேன்.

மலுமிச்சம்பட்டி:

வெளியே போவதைப் பார்க்கும் அவுட்புட் செயினில் டிராப் போடாதீர்கள். அனுப்பும்போதே பிழை வந்து கெட்அட்ரின்ஃபோ உடனே திரும்பிவிடும், 20 நொடி கண்ணில் படாது. இன்புட்டில் பதிலைத் தடுங்கள், அப்போதுதான் அந்த மதியம் நடந்தது மறுபடி நடக்கும்.