‘பொன்னகரம்’ கதையில் அம்மாளுவை மாணவியர் காண உதவுங்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறுதோறும் பள்ளி மாணவியர் ஆறு பேருடன் சிறுகதை வாசிக்கிறேன். மூன்று வாரங்களாகப் புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய ‘பொன்னகரம்’ கதையிலேயே நின்றுவிட்டோம். அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரக் கணவனின் பால்கஞ்சிக்காகவே அம்மாளு காசுக்கு வேறொருவனுடன் சந்தின் இருளுக்குள் போகிறாள் என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் இறுதியில் கதைசொல்லி கற்பைப் பற்றி நம்மிடம் நேரடியாகவே பேசிவிடுவதால், அதையே கருப்பொருளாக எழுதிவிட்டு அவளை மறந்துவிடுகிறார்கள்.

அவளுடைய செயல்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடச் சொன்னேன். கடைசி வரிகளை ஒரு தாளால் மறைத்தும் வாசிக்க வைத்தேன். அப்போதும் ‘பாவம், ஏழை’ என்பதற்கு மேல் ஒருவரும் எழுதவில்லை. அவள் முடிவெடுக்கிறவள் என்பது அவர்கள் கண்ணில் படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதிகம் பேசாத ஒரு பாத்திரத்தின் செயலிலிருந்து கருப்பொருளை நோக்கி மாணவரை அழைத்துச் செல்ல, நீங்கள் முதலில் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்?